காற்றை முதுகில் வாங்கு

பைபாஸில் டேங்கர் லாரி முன்னால் போனால் அதன் பின்பக்கத்துப் பலகையை வாசிக்காமல் என்னால் இருக்க முடிவதில்லை. 1203 என்றால் பெட்ரோல். 1075 சமையல் கேஸ். 1005 அம்மோனியா. 1017 குளோரின். 1830 கந்தக அமிலம். உலகம் முழுவதும் இந்த எண்கள்தான். தீயணைப்புத் துறையிலிருந்து ஓய்வு பெற்றும் பழக்கம் விடவில்லை. இப்போது பேத்தியும் பின் சீட்டிலிருந்து எண்ணைச் சொல்ல, நான் பொருளைச் சொல்கிறேன்.

*

எண்ணோடு சேர்ந்து இன்னொரு குறியீடும் இருக்கும். பெட்ரோல் வண்டியில் ‘3 ஒய் ஈ’. 3 என்றால் நுரை அடி. ஒய் என்றால் சரக்கு வெடித்துச் சீறக்கூடும், தீப்பிடித்தால் பி.ஏ. செட் (மூச்சுக்கருவி) மாட்டிக்கொள், சிந்தியதைச் சாக்கடைக்கு விடாமல் தடுத்துத் தேக்கு. ஈ என்றால் சுற்றியுள்ள மக்களை வெளியேற்றுவதைப் பற்றி யோசி. மூன்றே எழுத்தில் முதல் பத்து நிமிட வேலை முழுவதும் அடங்கிவிடுகிறது. 1989 மத்திய மோட்டார் வாகன விதிகள் இந்தப் பலகையை வண்டியின் மூன்று பக்கமும் வைக்கச் சொல்கின்றன. சேறு படிந்து, பெயின்ட் உரிந்து, முந்தைய சரக்கின் எண்ணையே சுமந்து போகும் வண்டிகளைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. அந்த எண்ணை நம்பித்தான் ஒரு பையன் வண்டியை நெருங்கப்போகிறான்.

*

எந்த வாயுவானாலும் முதலில் கேட்க வேண்டியது: காற்றைவிடக் கனமா, லேசா?

சமையல் கேஸ் கனம். கசிந்தால் மேலே போகாது. தண்ணீர் போல தாழ்வு தேடி ஓடும்; சாக்கடை, கிணறு, கார் நிறுத்தும் நிலவறை என்று போய்ப் படுத்துக்கொள்ளும். திரவமாக ஒரு லிட்டர் வெளியே வந்தால் சுமார் 250 லிட்டர் வாயு. காற்றில் ஏறக்குறைய நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்தாலே பற்றிக்கொள்ளும். 2012 ஆகஸ்ட் 27 இரவு கண்ணூர் அருகே சாலாவில் கேஸ் டேங்கர் கவிழ்ந்தது. வாயு சாலையோடு நிற்கவில்லை, பக்கத்து வீடுகளுக்குள் போனது. 20 பேர் இறந்தார்கள்.

தீப்பொறி லாரிக்குப் பக்கத்தில்தான் இருக்க வேண்டும் என்றில்லை. நூறு மீட்டர் தள்ளி ஒரு வீட்டு அடுப்பு போதும். நம் வண்டி எஞ்சினும் போதும்.

*

அம்மோனியா வேறு ரகம். புத்தகத்தில் ‘காற்றைவிட லேசு’ என்று போட்டிருக்கும். அதை மட்டும் மனப்பாடம் செய்தவன் மாட்டிக்கொள்வான். மைனஸ் 33 டிகிரியில் கொதிக்கிற சரக்கு அழுத்தத்திலிருந்து வெளியே வரும்போது கடும் குளிராக வருகிறது. காற்றின் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு வெள்ளைப் புகையாகத் தரையோடு தவழ்கிறது. சூடு ஏறிய பிறகுதான் மேலே எழும். அதற்குள் தெருவில் நிற்பவர்களின் கண்ணையும் தொண்டையையும் பார்த்துவிடும்.

அதற்குத் தண்ணீர் என்றால் உயிர். அதனால்தான் உடம்பில் ஈரம் உள்ள இடமாகப் பார்த்துத் தாக்குகிறது: கண், தொண்டை, நுரையீரல், வியர்த்த அக்குள். நமக்குக் கைகொடுப்பதும் அதே குணம்தான். புகைமேகத்தின் குறுக்கே மெல்லிய தூவலாகத் தண்ணீர்த் திரை போட்டால் பெரும்பங்கைக் கரைத்து இறக்கிவிடலாம். ஆனால் தரையில் தேங்கிய திரவத்தின் மேல் அடிக்கவே கூடாது. நாம் ஊற்றும் தண்ணீர் அதற்கு வெந்நீர். பொங்கி இன்னும் வாயுவாகும். ஒரே ஹோஸ், ஒரே தண்ணீர். அடிக்கிற இடம் மாறினால் உதவி உபத்திரவமாகிவிடும்.

2023 டிசம்பர் 26 நள்ளிரவு நெருங்கும்போது எண்ணூரில் கடலடிக் குழாயில் அம்மோனியா கசிந்தபோது, பெரியகுப்பம் மக்கள் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடினார்கள். எந்தப் பக்கம் ஓடுவது என்று அவர்களுக்கு முன்பே யாராவது சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். குழாய்க்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்குக் காற்றின் திசை பார்க்கச் சொல்லித்தருவது சலுகை இல்லை, அவர்களுக்குச் சேர வேண்டிய பாக்கி.

*

குளோரின் சிலிண்டர் கசிந்தால் ஓட்டையின் மேல் தண்ணீர் அடிக்காதே. அமிலமாகி இரும்பை அரித்து ஓட்டையைப் பெரிதாக்கும். முடிந்தால் உருளையைப் புரட்டி ஓட்டை மேல்பக்கம் வருமாறு வை. அப்போது திரவத்துக்குப் பதில் வாயு மட்டும் வரும். திரவமாக வந்தால் அதுவே வெளியில் 450 மடங்கு வாயுவாகிவிடும். கசிவு எங்கே என்று தெரியவில்லையா? அம்மோனியாவில் நனைத்த துணியை ஒரு குச்சியில் சுற்றி அருகே காட்டு. கசிகிற இடத்தில் வெண்புகை கிளம்பும். இது பழைய ஆட்கள் கைவழக்கம். குடிநீர் நிலையங்களில் வேலை செய்யும் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

*

நான் எடுத்த பயிற்சி வகுப்பில் ஒரு பையன்: “ஐயா, கேஸ் எரியுதுன்னா உடனே அணைக்கணும்ல?”

“வால்வை அடைக்க முடியுமா தம்பி?”

“முடியலன்னா?”

“அப்ப எரியட்டும். தொட்டியைக் குளிர வை.”

எரிகிற கேஸ் கண்ணுக்குத் தெரிகிறது. அணைத்துவிட்டால் அதே கேஸ் கண்ணுக்குத் தெரியாமல் ஊரைச் சுற்றும். தொட்டியிலும் திரவம் இருக்கும் பாகம் தாங்கும். சூட்டைத் திரவம் வாங்கிக்கொள்ளும். திரவ மட்டத்துக்கு மேலே வெறும் வாயு நிற்கிற பாகத்தில் தீ நக்கினால் இரும்பு இளகிவிடும். தண்ணீர் போக வேண்டிய இடம் அதுதான். பாதுகாப்பு வால்வின் சீற்றம் ஏறிக்கொண்டே போனால் ஹோஸைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். ஹோஸ் போனால் வாங்கிக்கொள்ளலாம்.

1973 ஜூலை 5, அமெரிக்காவின் அரிசோனாவில் கிங்மன் ஊர். ரயில் தொட்டியில் புரொப்பேன் தீ. பற்றி 20 நிமிடம்கூட ஆகவில்லை, தொட்டி பிளந்தது. 11 தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். என்ன சரக்கு என்பது அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. கையில் எத்தனை நிமிடம் இருக்கிறது என்பதுதான் தெரியவில்லை.

*

ஏப்ரல் 14. நாடு முழுவதும் எல்லா ஸ்டேஷனிலும் மலர்வளையம் வைக்கிறோம். 1944-இல் பம்பாய் விக்டோரியா டாக்கில் ‘ஃபோர்ட் ஸ்டிகைன்’ கப்பல் வெடித்து 66 தீயணைப்பு வீரர்கள் இறந்த நாள். கப்பலில் பஞ்சுப் பொதிகளும் சுமார் 1,400 டன் வெடிபொருளும் ஒன்றாக இருந்தன. வெடிமருந்து ஏற்றிய கப்பலுக்கு உரிய சிவப்புக் கொடி அதில் பறக்கவில்லை.

மூன்று வருடம் கழித்து டெக்சஸ் சிட்டி. ‘கிராண்ட்காம்ப்’ கப்பலில் சுமார் 2,300 டன் அம்மோனியம் நைட்ரேட். தீப்பிடித்ததும், சரக்கு நனையக் கூடாது என்று கப்பல்காரர்கள் சரக்கறை மூடியை அடைத்து நீராவி விட்டார்கள். மற்றத் தீயாக இருந்தால் காற்றில்லாமல் செத்திருக்கும். இந்த உப்பு தனக்கு வேண்டிய ஆக்ஸிஜனைத் தானே கொண்டுவருகிறது. மூடி வைத்தால் சூடுதான் ஏறும். ஊரின் தொண்டர் படையில் 28 பேர். 27 பேர் போய்விட்டார்கள்.

2020 ஆகஸ்ட் 4, பெய்ரூட். கிடங்கில் அதே உப்பு, 2,750 டன். தீ என்று அழைத்தவுடன் வந்த குழுவில் பத்துப் பேர் இறந்தார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று அவர்களிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. அந்த வாரம்தான் மணலியில் 37 கண்டெய்னர்களில் 697 டன் கிடப்பது சென்னைக்கு நினைவு வந்தது. 2015-இல் பறிமுதல் செய்தது. சில நாட்களில் ஹைதராபாத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த ஐந்து வருடத்தில் அங்கே ஒரு சின்னத் தீ பிடித்திருந்தால் முதல் வண்டியில் போயிருக்கக்கூடியவர்களை எனக்குத் தெரியும். இதை எழுதும்போது கை நடுங்குகிறது.

*

சிவகாசிப் பக்கம் அலுமினியப் பவுடர் எரிந்தால் தண்ணீரைத் தொடாதே. ஹைட்ரஜன் கிளம்பும். காய்ந்த மணல்.

*

கழிவுநீர்த் தொட்டி. அழுகிய முட்டை நாற்றம் வந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்று எல்லோருக்கும் தெரியும். நாற்றம் நின்றுவிட்டால் வாயு போய்விட்டது என்று நினைப்பதுதான் எமன். பத்து லட்சத்தில் நூறு பங்கு அளவுக்கு ஏறினால் மூக்கு மரத்துவிடும். முதலில் இறங்கியவர் விழுவார். அண்ணன் விழுந்தானே என்று தம்பி இறங்குவான், அவனைத் தூக்க மூன்றாவது ஆள். மூடிய இடங்களில் இறந்தவர்களில் 60 சதவீதத்துக்கு மேல் காப்பாற்ற இறங்கியவர்கள் என்று 1980-களிலேயே அமெரிக்காவில் கணக்கெடுத்தார்கள். பாதுகாப்புக் கருவி இல்லாமல் மனிதனை உள்ளே இறக்கக் கூடாது என்று இங்கே 2013-இல் சட்டம் வந்தாயிற்று. இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

*

கட்டைவிரல் கணக்கு: கையை முழுக்க நீட்டிக் கட்டைவிரலை நிமிர்த்து. ஒற்றைக் கண்ணால் பார். விபத்து இடம் விரலுக்குப் பின்னால் மறையவில்லையா, இன்னும் பின்னால் போ.

*

சாலையோர டீக்கடையில் அம்மோனியா டேங்கர் ஓட்டும் தம்பி ஒருவரைப் பார்த்தேன். ட்ரெம் கார்டு, அதாவது சரக்கின் அவசரக்கால வழிமுறை அட்டை, இருக்கிறதா என்று கேட்டேன். கேபினிலிருந்து எடுத்துவந்தார். இரண்டு பக்கம், பொடி எழுத்தில் ஆங்கிலம். “அவசரத்துல இதைப் படிக்க முடியாதுங்கய்யா” என்றார். பேனாவை வாங்கி அட்டையின் ஓரத்தில் தமிழில் பெரிதாக எழுதிக்கொடுத்தேன்:

வண்டியை வீடுகளிலிருந்து தள்ளி நிறுத்து.
காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு நட.
112-க்கு அழைத்து முதலில் 1005 என்று சொல்.
கூட்டத்தை உன் பக்கம் வரச் சொல், வண்டிப் பக்கம் விடாதே.

இரண்டு தடவை வாய்விட்டுப் படித்தார். பிறகு சன் வைசருக்குள் செருகி வைத்துக்கொண்டார்.