புதன்கிழமை ஹாட்டிஷ்

அமெரிக்காவின் மினசோட்டாவில், செயின்ட் பாலில் நான் மாடியறை எடுத்துத் தங்கியிருந்த வீட்டில் புதன்கிழமை இரவென்றால் ஹாட்டிஷ்தான். கொத்திய மாட்டிறைச்சி, அரிசி, டப்பா சூப் மூன்றையும் கலந்து ஓவனில் வைத்து எடுக்கும் பண்டம். ருசி எப்படி என்றால், பொய் சொல்வானேன், உப்பு மட்டும் தெரியும். இரண்டு சிட்டிகை மிளகுத்தூள் தூவிவிட்டு, "காரம் கூடிப்போச்சோ?" என்று வீட்டுக்கார அம்மா கவலையோடு என் முகத்தைப் பார்ப்பார். தரங்கம்பாடி நண்டுக் குழம்பில் வளர்ந்தவனிடம் கேட்கிற கேள்வியா இது?

வாணலியில் கறியை வெங்காயம், செலரியோடு பழுப்பாகும் வரை வதக்கி, விட்ட கொழுப்பைப் பழைய காப்பி டப்பாவில் வடிப்பார். ஊறவைத்த அரிசி, கொஞ்சம் கோழிச் சாறு, சோயா சாஸ், பிறகு காளான் கிரீம் சூப். அந்த சூப் டப்பாவிலிருந்து வழியாது. டப்பா வடிவத்திலேயே 'தொப்'பென்று விழும். கேம்ப்பெல் நிறுவனம் 1934இல் கொண்டுவந்த சரக்கு. மினசோட்டாவில் அதற்கு 'லுத்தரன் பசை' என்று ஒரு கேலிப்பெயர் உண்டு. சபைப் பெண்கள் எதைச் சமைத்தாலும் அதை ஊற்றித்தான் ஒட்டவைப்பார்களாம். தட்டை ஈயத்தாளால் மூடி 350 டிகிரி ஃபாரன்ஹீட்டில் ஒன்றரை மணி நேரம். அதற்குள் அவர் பின்னலில் ஒரு கையுறை பாதி முடிந்திருக்கும்.

அந்தத் தட்டில் பெருமைக்குரியது வைல்ட் ரைஸ் ஒன்றுதான். நம் நெல்லுக்குத் தூரத்து உறவு; ஏரித் தண்ணீரில் தானாக முளைக்கும் புல். அந்தப் பகுதியின் பழங்குடிகளான ஓஜிப்வே மக்கள் ஆகஸ்ட் கடைசியில் சிறு படகேறிப் போவார்கள். ஒருவர் கழி ஊன்றித் தள்ள, இன்னொருவர் இரண்டு கோல்களால் கதிரைப் படகுக்குள் வளைத்துத் தட்டுவார். முற்றிய மணி மட்டும் விழும். தண்ணீரில் சிதறுவது அடுத்த வருஷத்துக்கு விதை. கரையில் வறுத்து உமி போக்குவார்கள். 1977இல் மாநிலத்தின் தானியமாகவே அதை அறிவித்துவிட்டார்கள். கடையில் கன்னங்கறேலென்று மினுங்குவது பெரும்பாலும் வயலில் பயிரிட்டது, வேக ஒரு யுகம் ஆகும். ஏரியில் தட்டியது பழுப்பாக இருக்கும், சீக்கிரம் வெந்து வாய் பிளக்கும், லேசாகப் புகை மணக்கும். விலை அதிகம். அம்மா பாதிக்குப் பாதி வெள்ளை அரிசி கலந்துதான் போடுவார்.

1991 ஹாலோவீன் அன்று பனி பிடித்தது. பிள்ளைகள் பேய் வேஷத்தின் மேல் கோட்டு மாட்டிக்கொண்டு மிட்டாய்க்கு வந்தார்கள். நவம்பர் 3 வரை விடவில்லை. செயின்ட் பாலும் மினியாபொலிஸும் சேர்ந்த இரட்டை நகரங்களில் 28.4 அங்குலம், இடுப்புக்குக் கொஞ்சம் கீழே. கார்கள் வெறும் மேடுகளாகக் கிடந்தன. நான் வழி வெட்டிக்கொண்டே போக, பின்னால் அம்மா துண்டில் சுற்றிய தட்டோடு வந்தார், மூன்றாவது வீட்டில் தனியாக இருந்த கிழவருக்காக. கிழவர் கதவைத் திறந்து, "இதுக்காகவா இவ்வளவு தூரம்?" என்றார். "அதிகமாகச் செய்துவிட்டேன்," என்றார் அம்மா. அது சுத்தப் பொய். அளந்து போட்டதை நான் பார்த்தேன்.

வீட்டுக்கார அம்மா நார்வேக்காரர் வம்சம், லுத்தரன் சபை. நானும் லுத்தரன்தான் என்றதும் நம்பவில்லை. லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு ஐயர் எங்கள் தரங்கம்பாடியில் கரையிறங்கியது 1706இல் என்று சொன்னேன். விரல் விட்டு எண்ணிப் பார்த்து, "அப்போ எங்கள் நாடே பிறக்கலையே," என்றார். அடுத்த ஞாயிறு கோயிலின் கீழ்த்தள மண்டபத்தில் எல்லோரிடமும் என்னை "இவன் நமக்கு மூத்தவன்" என்று அறிமுகப்படுத்தினார். நீள மேசையில் பத்துப் பன்னிரண்டு ஹாட்டிஷ்கள். ஒவ்வொரு தட்டின் அடியிலும் மாஸ்கிங் டேப், அதில் பேனாவால் குடும்பப் பெயர். தட்டு வீடு திரும்ப அதுதான் விலாசம். காலித் தட்டைத் திருப்புவதும் மரியாதையில்லை. இரண்டு குக்கீஸாவது வைத்து அனுப்புவார்கள். ஊரில் அம்மாச்சி பாத்திரத்தில் கொஞ்சம் சர்க்கரை போட்டுக் கொடுத்தனுப்புவதை அங்கேதான் நினைத்துக்கொண்டேன்.

பல வருஷம் கழித்து வீட்டுக்கார அம்மாவின் அடக்கத்துக்குப் போனபோது அதே மண்டபத்தில் சாப்பாடு. கடையில் வாங்கிய சாண்ட்விச், பிளாஸ்டிக் தட்டுகள். குறை சொல்ல முடியாது. சமைத்த கைகள் பலதும் அவருக்கு முன்பே போய்விட்டிருந்தன. காப்பி மட்டும் பழையபடியே, அடி தெரிகிற அளவுக்குத் தண்ணீராக இருந்தது. மகள் சமையலறையைக் காலி செய்தபோது எனக்கென்று ஒரு தட்டு கொடுத்தாள். புரட்டினால் டேப்பில் வேறு யாரோ குடும்பப் பெயர். திருப்பிக் கொடுக்க விசாரித்தேன், அந்த வீட்டிலும் ஆள் இல்லை.

இப்போது அந்தத் தட்டில் என் மனைவி ஹாட்டிஷ் செய்கிறாள், சோம்பும் பச்சை மிளகாயும் போட்டு. சாப்பிட நன்றாகவே இருக்கிறது. பிள்ளைகள் அதற்கு 'பிரியாணி மாதிரி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.