வெயில் வீடு: வாங்குவதா, வாடகையா?

ஸ்பெயினின் தென்கிழக்குக் கரையில் இருக்கிறது டொர்ரெவியெஹா. ஊரை ஒட்டிய உப்பேரி ஒன்றின் தண்ணீர் வெயிலில் ரோஸ் நிறமாகத் தெரியும். உப்பில் வாழும் நுண்ணுயிர்களின் கைவண்ணம் அது. மீனையும் உப்பையும் நம்பியிருந்த ஊரில் இப்போது அமோக விளைச்சல் வீடுகள்தான். தரகர் அலுவலகக் கண்ணாடிகளில் வரிசையாகப் போட்டோக்கள், கீழே ஆங்கிலத்தில் விலை. எதிரே நின்று மனக்கணக்குப் போடும் பிரிட்டிஷ் தம்பதிகளை அடையாளம் காண்பது எளிது. வயது அறுபதுக்கு மேல், ஜனவரியிலும் அரைக்கால் சட்டை.

ஆசையில் தப்பில்லை. டிசம்பரில் மாலை நாலு மணிக்கே இருட்டிவிடும் தேசத்திலிருந்து வருகிறார்கள். மூட்டுவலிக்கு வெயில் இதமாக இருக்கிறது. இடிப்பது சட்டம்தான்.

ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் விலகியதால், 2021 ஜனவரி முதல் அவர்கள் இங்கே அந்நியர்கள். விசா இல்லாமல் எந்த 180 நாளிலும் 90 நாள் மட்டுமே தங்கலாம். நவம்பரில் தொடங்கி மார்ச் வரை நீளும் குளிரிலிருந்து தப்பிக்க ஐந்து மாதம் வேண்டும், கிடைப்பது மூன்று. சொந்த வீடு இருந்தாலும் இதே விதிதான். 5 லட்சம் யூரோவுக்குச் சொத்து வாங்கியவர்களுக்கு 2013 முதல் கிடைத்துவந்த ‘தங்க விசா’வும் 2025 ஏப்ரலோடு நின்றுபோனது. வேலை பார்க்காமல் வாழ்வதற்கான விசா ஒன்று உண்டு. அதற்கு மாதம் சுமார் 2,400 யூரோ வருமானம் காட்ட வேண்டும். பிரிட்டிஷ் அரசு ஓய்வூதியம் ஒருவருக்கு அதில் பாதியை எட்டினாலே பெரிய விஷயம்.

செலவும் விலையோடு முடிவதில்லை. பழைய வீடு என்றால் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு வரியாகப் போகும். பிறகு நோட்டரி, பதிவு, வக்கீல், நகராட்சி வரி, குடியிருப்புச் சங்கத்தின் பராமரிப்புத் தொகை. வேடிக்கை என்னவென்றால், வீட்டைப் பூட்டிவைத்திருக்கும் வெளிநாட்டுக்காரரிடம், அதிலிருந்து வருமானம் வந்ததாகவே பாவித்து ஆண்டுதோறும் வருமான வரி கேட்கிறது அரசு. வராத வாடகைக்கு வரி!

நம்மூர் வில்லங்கச் சான்றிதழ்போல அங்கே ‘நோட்டா சிம்ப்ளே’. உரிமையாளர் யார், அடமானம் உண்டா என்று சொல்லும். கட்டடத்துக்குக் கொடுத்த அனுமதி செல்லுமா என்பதை வேறு இடத்தில்தான் விசாரிக்க வேண்டும். அல்மேரியா மாகாணத்து வேராவில், நகராட்சி அனுமதியோடு ஓய்வுபெற்ற பிரிட்டிஷ் தம்பதி கட்டிய வீட்டை 2008 ஜனவரியில் இடித்துத் தள்ளினார்கள். அந்த அனுமதி செல்லாது என்றது பிராந்திய அரசு.

அதே 2008-ல் விலைகளும் சரிந்தன. துணையை இழந்து ஊர் திரும்ப நினைத்த பல முதியவர்களுக்கு வீடே விலங்கானது. கார் ஓட்டியவர் போய்விட்டால், ஊருக்கு வெளியே இருக்கும் காலனியிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போவதே பெரும்பாடு.

எனவே விவரம் தெரிந்தவர்கள் முதல் குளிர்காலத்தை வாடகை வீட்டில் கழிக்கிறார்கள். கடற்கரையில் ஆகஸ்டில் எகிறும் வாடகை நவம்பரில் இறங்கிவிடும். வெயிலுக்கென்று ஓடு பதித்துக் கட்டிய வீடு, ஹீட்டர் இல்லாவிட்டால் ஜனவரி இரவில் எப்படி விறைக்கும் என்பதும் அப்போதுதான் தெரிகிறது. ஒரே குறை: நவம்பர் தொடக்கத்தில் வந்தவர்கள், பிப்ரவரியில் பாதாம் மரங்கள் பூத்து நிற்கும்போது பெட்டி கட்ட வேண்டியிருக்கிறது.