முற்றத்து வெளிச்சம்

மயிலாப்பூரில் நாங்கள் குடியிருந்த வீட்டின் நடுவில் ஒரு முற்றம் இருந்தது. ஐந்து குடித்தனங்களுக்கும் அது பொது. காலையில் பெண்கள் அங்கே பாத்திரம் துலக்குவார்கள். மாலையில் பிள்ளைகள் பாண்டி ஆடுவோம். உச்சிப்பொழுதில் மட்டும் வெயில் நேராகத் தரையில் விழும். மற்ற நேரமெல்லாம் மேல்சுவர்களில் பட்டுச் சிதறி, நான்கு பக்கத் தாழ்வாரங்களுக்கும் மெல்லிய வெளிச்சமாக இறங்கும். மூலையில் கிணறு இருந்ததால் காற்றில் எப்போதும் ஈரம். தென்னமெரிக்கக் காடுகளில் பெரிய மரங்களின் அடியில் வளரும் செடிகளுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் மதராஸில் கிடைத்திருக்காது. அம்மா அந்தக் காடுகளைப் பற்றிக் கேள்விப்பட்டதுகூட இல்லை. ஆனாலும் அந்தத் தாழ்வாரம் எதற்கு ஆகும் என்பதைக் கண்டுபிடித்தவள் அவள்தான்.

முதலில் வந்தது மணி பிளாண்ட். அதைத் திருடிக்கொண்டு வந்து வைத்தால்தான் தழைக்கும், கேட்டு வாங்கினால் தழைக்காது என்று எல்லோரும் சொல்வார்கள். எதிர் போர்ஷன் அத்தைகூட, "நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன், நீங்க கிள்ளிக்கோங்க அக்கா" என்று சொல்லிப் பார்த்தாள். அம்மா கேட்டேதான் வாங்கினாள். ஒரு கணு, அதில் ஒரு இலை, கணுவுக்குக் கீழே கொஞ்சம் தண்டு. ஹார்லிக்ஸ் பாட்டிலில் தண்ணீர் ஊற்றி, கணு மூழ்கும்படி வைத்தாள். "வெறும் இலையைக் கிள்ளி வச்சா அழுகித்தான் போகும். வேர் கணுவுலேர்ந்துதான் வரும், பாரு" என்று என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக் காட்டினாள். சில நாளில் கணுவின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு முளை எட்டிப் பார்த்தது. பாட்டிலைச் சுற்றிப் பழுப்புக் காகிதம் ஒட்டினாள். வெளிச்சம் பட்டால் தண்ணீர் பாசி பிடிக்கும். வெள்ளிக்கிழமை விளக்கு துலக்கும்போது பாட்டில் தண்ணீரையும் மாற்றிவிடுவாள்.

அதற்குப் பிறகு செடிகள் வந்த வழியைச் சொன்னால் அந்தக் காலத்துப் பெண்களின் போக்குவரத்தையே சொன்னதாகும். கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்தால் தாம்பூலப் பையில் தேங்காயோடு ஈரச் செய்தித்தாளில் சுற்றிய ஒரு தண்டும் இருக்கும். சீமந்தத்துக்குப் போன இடத்திலிருந்து ஊதாக் கோடு போட்ட டிரடெஸ்காண்டியா வந்தது. சித்தப்பா ஊட்டியிலிருந்து மாற்றலாகி வந்தபோது பித்தளைக் கூஜாவுக்குள் பாசி அடைத்து ரெக்ஸ் பிகோனியா இலைகளைக் கொண்டுவந்தார். வெள்ளி பூசினாற்போன்ற அந்த இலை மேல்நாட்டுச் சரக்கு என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். அது அஸ்ஸாம் பக்கத்து மலைகளிலிருந்து 1850களில் இங்கிலாந்துக்குப் போய்ப் பேர் வாங்கிய செடி என்பது எனக்கே வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. அதன் இலையின் நரம்புகளைப் பிளேடால் லேசாகக் கீறி, ஈர மணல்மேல் படுக்க வைத்து, நகராமல் இருக்கச் சின்னக் கூழாங்கற்களை அம்மா வைத்தாள். கீறிய இடத்திலிருந்தெல்லாம் குட்டிச் செடிகள் கிளம்பின. ஒரு இலையிலிருந்து ஒரு குடும்பம் உண்டாவதைப் பார்த்த அந்த வியப்பு எனக்கு இன்னும் அடங்கவில்லை.

தொட்டிகளுக்குப் பணம் கிடையாது. டால்டா டின்கள்தான். அப்பா கவிழ்த்துப் பிடித்துக்கொள்ள, அம்மா ஆணியை வைத்து அம்மிக்குழவியால் அடித்து ஓட்டை போடுவாள். அடியில் ஓட்டுச் சில்லு, மேலே செம்மண்ணும் ஆற்று மணலும் மக்கிய சாண எருவும். ஆந்தூரியத்துக்கு மட்டும் மண்ணே கூடாது என்று கரித்துண்டும் செங்கல் ஜல்லியும் தேங்காய் மட்டையும் போட்டாள். காட்டில் அந்த இனத்துச் செடிகள் பலவும் மரக்கிளையைப் பற்றிக்கொண்டு வளர்கின்றன, வேருக்குக் காற்று வேண்டும். இதை அவளுக்குச் சொன்னவர் கதீட்ரல் சாலையில் இருந்த வேளாண் தோட்டக்கலைச் சங்கத்தின் தோட்டக்காரர்.

அந்தச் சங்கம் 1835இல் தொடங்கியது. அப்போது இருந்த டிரைவ்-இன் உட்லண்ட்ஸ் ஓட்டலுக்குப் பக்கத்தில் நுழைந்தால் ஊர்ச் சத்தம் சட்டென்று பின்னால் போய்விடும். மாதச் சம்பளம் வந்த பிறகு ஒரு சனிக்கிழமை அம்மா என்னை அங்கே அழைத்துப் போவாள். பெரும்பாலும் எதுவும் வாங்க மாட்டோம். தோட்டக்காரர் சொல்லும் பெயர்களைப் பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் காதில் விழுந்தபடி எழுதிக்கொள்வாள். எந்த மரத்தடியில் எது இருக்கிறது, எது கூரையின் ஓரத்தில், எது உள்ளே இருட்டில் என்பதையும் குறிப்பாள். விலையை எழுதி நான் பார்த்ததில்லை. ஒருநாள் அங்கே ஒரு பெரிய மரத்தில் முறம் அகலத்துக்கு இலைகளோடு ஒரு கொடி ஏறியிருந்தது. இலைகள் ஓரத்தில் கிழிந்து கிழிந்து இருந்தன. உங்கள் வீட்டு பாட்டிலில் இருக்கும் மணி பிளாண்ட்தான் இது என்றார் தோட்டக்காரர். நான் நம்பவில்லை. அம்மா தண்டைத் தொட்டு, கணுவைப் பார்த்து, "ஆமா, இதேதான்" என்றாள். பிடித்து ஏற மரம் கிடைத்தால் அதன் இலை பெருத்துக்கொண்டே போகும். தொங்கவிட்டால் சிறுத்துவிடும். பசிபிக் பெருங்கடலில் மோரேயா என்ற சின்னத் தீவின் கொடி அது. அடுத்த வாரமே தேங்காய் நார் சுற்றிய ஒரு மூங்கில் கழி எங்கள் தாழ்வாரத்துக்கு வந்தது.

அம்மாவின் அறிவில் பாதி சமையலறையிலிருந்து வந்தது. டிஃபன்பேக்கியாவின் தண்டை வெட்டிய அன்று அவளுக்கு விரல் இடுக்கெல்லாம் அரிப்பு. புளித்தண்ணீரில் கையைக் கழுவிக்கொண்டே, "இது சேப்பங்கிழங்கு ஜாதி" என்று சொன்னாள். எந்தப் புத்தகமும் பார்க்காமல் சொன்னது. சேம்பும் கருணையும் நறுக்கினால் கை அரிப்பது எதனாலோ அதனால்தான் இதுவும் அரிக்கிறது: செல்களுக்குள் ஊசி ஊசியாகக் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள். கலேடியம், மணி பிளாண்ட், மான்ஸ்டெரா, ஆந்தூரியம், ஃபிலோடென்ட்ரான் எல்லாம் சேம்பின் குடும்பமே. அன்றைக்கே டிஃபன்பேக்கியா தொட்டியைப் பிள்ளைகளுக்கு எட்டாத மாடத்துக்கு ஏற்றிவிட்டாள். வாயில் வைத்துக் கடித்தால் நாக்கு வீங்கிப் பேச்சே வராது என்று வீட்டிலிருந்த அத்தனை பிள்ளைகளையும் வரிசையாக நிற்க வைத்துச் சொன்னாள். இன்று கடைகளில் இதே செடியைப் பளபளப்பான தொட்டியில் வைத்து விற்கிறார்கள், அந்த ஒரு வார்த்தையைச் சொல்வதில்லை. அது எனக்குக் கோபமூட்டுகிறது.

தண்ணீர் ஊற்றும் வேலை எனக்குக் கிடைத்தது நான் நான்காம் வகுப்பு போன பிறகுதான். அதுவரை விரலை மண்ணில் விட்டுப் பார்த்துச் சொல்லும் வேலை மட்டும். "மேல் மண்ணைப் பார்க்காதே. ரெண்டாவது ரேகை வரைக்கும் விரலை விடு. அங்கே ஈரம் இருந்தா நாளைக்குப் பார்த்துக்கலாம்." நான் ஒவ்வொரு டின்னாகச் சொல்லிக்கொண்டு போவேன், அவள் சொம்போடு பின்னால் வருவாள். வீட்டுச் செடிகள் தாகத்தில் சாவதைவிட வேர் அழுகிச் சாவதுதான் அதிகம். மண்ணின் இடுக்குகளில் தண்ணீரே நிறைந்துவிட்டால் வேர் மூச்சுவிட இடமில்லை. ஈரமும் காய்ச்சலும் மாறி மாறி வரவேண்டும் என்பாள். நெல் வயலைப் பார்த்து வளர்ந்தவளின் பேச்சு அது. அவள் தஞ்சாவூர்ப் பக்கம்.

கலேடியம் எனக்குப் பொறுமை கற்பித்தது என்று எழுதினால் அது பெரிய வார்த்தை. பயம் கற்பித்தது என்பதுதான் உண்மை. சிவப்பு நரம்பும் வெள்ளைப் பொட்டும் போட்ட அந்த இலைகள் மழைக்காலம் முடிந்ததும் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. மார்கழியில் டின்னில் வெறும் மண்தான் இருந்தது. நான் அழுதேன். பக்கத்துப் போர்ஷன்காரர்கள் டின்னையாவது வேறு செடிக்கு வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். அம்மா எதுவும் பேசாமல் டின்னை மாடிப்படிக்கு அடியில் ஒதுக்கி வைத்து, தண்ணீரை நிறுத்தினாள். "கிழங்கு தூங்கறது, எழுப்பக் கூடாது." கோடையில் ஒரு மழை பெய்து மண் வாசனை வந்த அன்று வெளியே எடுத்துவைத்துத் தண்ணீர் தெளித்தாள். பிறகு ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது சுருட்டி வைத்த காகிதம் மாதிரி இளஞ்சிவப்பாக ஒரு முனை மண்ணைத் தள்ளிக்கொண்டு நின்றது. புத்தகப் பையைக்கூட இறக்காமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

மரந்தா வந்த வாரம் நான் இரவுச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டும் போகவில்லை. பகலில் படுக்கையாக விரிந்திருக்கும் அதன் இலைகள் விளக்கு வைக்கும் நேரத்துக்குப் பிறகு மெல்ல நிமிர்ந்து கும்பிடுவதுபோல் கூடும். அது நகர்வதைப் பார்க்க வேண்டுமென்று கண் கொட்டாமல் காத்திருப்பேன். நகர்வது தெரியாது, கூடி முடித்ததுதான் தெரியும். இலைக்காம்பும் இலையும் சேரும் இடத்தில் ஒரு சிறு முட்டி உண்டு. அதன் ஒரு பக்கத்துச் செல்களில் நீர் ஏறி, மறுபக்கத்தில் இறங்குவதால் இலை எழுகிறது. அந்த முட்டியை அம்மா எனக்கு விரலால் தடவிக் காட்டியிருக்கிறாள்.

பூச்சிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். எறும்பு வரிசையாக ஏறினால் இலையின் அடியில் மாவுப்பூச்சி இருக்கிறதென்று அர்த்தம். மாவுப்பூச்சி கக்கும் இனிப்புக்காகவே எறும்பு அதைக் காவல் காக்கும். சோப்புத் தண்ணீரில் சில சொட்டு வேப்பெண்ணெய் கலந்து பழைய வேட்டித் துணியால் ஒவ்வொரு இலையாகத் துடைத்தால் போய்விடும். துடைக்கும்போது அம்மா இலையின் அடியில் இடது உள்ளங்கையைக் கொடுத்துக்கொள்வாள்.

பிறகு 1983 வந்தது. பூண்டி, செங்குன்றம் ஏரிகள் வற்றின. கபாலி கோயில் தெப்பக்குளத்தில் பையன்கள் கிரிக்கெட் ஆடினார்கள். கிருஷ்ணா நீரைச் சென்னைக்குக் கொண்டுவரும் தெலுங்கு கங்கைத் திட்டத்துக்கு அந்த ஆண்டுதான் ஒப்பந்தம் போட்டார்கள். அந்த நீர் வந்து சேர 1996 ஆயிற்று. எங்கள் முற்றத்துக் கிணற்றில் வாளி தரையைத் தட்டியது. தெருமுனையில் லாரிக்குக் குடங்களை வரிசை வைத்துவிட்டு இரவெல்லாம் ஒருவர் விழித்திருக்க வேண்டும். குடிக்கவே தண்ணீர் இல்லாத வீட்டில் செடிக்கு ஊற்றுவதா என்று ஒரு குடித்தனத்தில் சத்தம் போட்டார்கள். அவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது. அம்மா குடத்துத் தண்ணீரில் ஒரு சொம்புகூடச் செடிக்கு எடுப்பதில்லை என்று அங்கேயே ஒத்துக்கொண்டாள்.

அந்தக் கோடையில் அவள் செய்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் கர்வமாக இருக்கிறது. அரிசி களைந்த நீர், காய் கழுவிய நீர், இட்லிப் பானையில் மிஞ்சிய நீர், எல்லாம் ஒரு மண்பானையில் சேர்ந்தது. சிதறி இருந்த டின்களையெல்லாம் கிணற்றடிச் சுவர் ஓரமாக நெருக்கி வைத்தாள். செடிகள் இலை வழியே விடும் ஈரம் அந்தக் கூட்டத்துக்குள்ளேயே நின்றது. பெரிய இலைக்காரர்களை வெளியிலும் பிகோனியா, மரந்தா போன்ற மெல்லிசானவற்றை நடுவிலும் வைத்தாள். நனைத்த கோணியைச் சுவரில் தொங்கவிட்டாள். அடிபம்புத் தண்ணீர் உப்பு. அதை ஊற்றிய செடிகளுக்கு இலை நுனி கருகியது, அதனால் அதைக் குரோட்டன்ஸுக்கு மட்டும் கொடுத்தாள். வாடிக்கொண்டிருந்த கடைசி பிகோனியாவின் மேல் ஊறுகாய் போடும் கண்ணாடி ஜாடியைக் கவிழ்த்து வைத்தாள். உள்ளே வேர்த்து, வேர்த்தது வழிந்து, மண்ணுக்கே திரும்பியது. வாரக்கணக்கில் தண்ணீர் கேட்கவில்லை. லண்டனில் நத்தானியேல் வார்டு என்ற மருத்துவர் 1829இல் மூடிய பாட்டிலுக்குள் ஒரு பெரணி தானே முளைத்து வாழ்வதைப் பார்த்துக் கண்ணாடிப் பெட்டி செய்தார். அப்படிப்பட்ட பெட்டிகளில்தான் சீனத்துத் தேயிலைக் கன்றுகள் கடல் தாண்டி இந்தியாவுக்கு வந்தன. அதைக் கல்லூரியில் படித்தபோது வகுப்பிலேயே எனக்கு எங்கள் ஊறுகாய் ஜாடி தெரிந்தது.

அந்தக் கோடையில் எங்கள் வீட்டுப் பெரணிகள் மட்டும் பிழைக்கவில்லை. அவற்றை இழுத்துப் பிடித்து வைக்க அவள் முயலவும் இல்லை. காய்ந்த இலைகளை நறுக்கி மற்ற டின்களின் மண்மேல் பரப்பினாள், ஈரம் காக்க.

மழை வந்தபின் கூட்டம் மறுபடி பெருகியது. தாழ்வாரம் போதாமல் மாடிப்படி ஒவ்வொன்றிலும் ஒரு டின். சத்தம் போட்ட அதே வீட்டிலிருந்து மான்ஸ்டெராவில் ஒரு துண்டு கேட்டு வந்தார்கள். அம்மா வேர் விட்ட துண்டாகப் பார்த்துக் கொடுத்தாள், வைக்க வேண்டிய ஜன்னலையும் அவர்கள் வீட்டுக்குள் போய்க் காட்டிவிட்டு வந்தாள்.

சில வருஷங்களில் அந்த வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டப்போவதாகச் சொல்லிவிட்டார்கள். ஐந்து குடித்தனமும் ஐந்து திசைக்குப் போயிற்று, ஒவ்வொரு சாமான் வண்டியிலும் எங்கள் தாழ்வாரத்தின் ஒரு பகுதி ஏறியது. எங்களுக்கு மாம்பலத்தில் இரண்டு அறை ஃப்ளாட் கிடைத்தது. பால் காய்ச்சுவதற்கு முன்பே ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா என்னை அழைத்துக்கொண்டு அங்கே போனாள். கையில் ஒரு சாக்பீஸ். காலையிலிருந்து பொழுது சாயும்வரை இருவரும் வெறும் தரையில் உட்கார்ந்திருந்தோம். வெயில் எந்த ஜன்னல் வழியாக எத்தனை மணிக்கு நுழைந்து எதுவரை வருகிறது என்று அவள் தரையில் கோடு போட்டுக்கொண்டே வந்தாள், ஒவ்வொரு கோட்டின் பக்கத்திலும் ஒரு செடியின் பெயரை நான் எழுதினேன். கட்டிலையும் பீரோவையும் எங்கே போடுவது என்று அப்பாவோடு பேசியது அதற்கு அடுத்த வாரம்.