உப்புக்காற்றில் ஒரு மொறிஸ் மைனர்

அண்மையில் ரொறன்ரோவிலிருந்து மருமகன் தொலைபேசியில் அழைத்தான். "மாமா, ஊரில் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கி விட வேண்டும். எம்.ஜி. ஒன்று அகப்படுமா?" என்று கேட்டான்.

தீவுப்பகுதியில் எம்.ஜி.க்கு எங்கே போவது? ஆனால் 1961இல் வெளிவந்த எம்.ஜி. மிட்ஜெற்றுக்கும் அக்கால மொறிஸ் மைனர் 1000க்கும் 948 சி.சி. கொண்ட ஒரே குடும்பத்து எஞ்ஜின்தான். மிட்ஜெற்றுக்கு இரண்டு கார்புரேற்றர், மைனருக்கு ஒன்று. ஊர்காவற்றுறையில் 1959ஆம் ஆண்டு மைனர் ஒன்று விலைக்கு நிற்பதாக அறிந்து, மெக்கானிக் ஒருவரையும் கூட்டிக்கொண்டு பண்ணைப் பாலத்தால் புறப்பட்டேன்.

அலெக் இஸிகோனிஸ் வடிவமைத்து 1948இல் அறிமுகமான இக்காருக்குத் தனியான அடிச்சட்டம் கிடையாது. உடல் தகடே பாரத்தைத் தாங்குகிறது. ஆகவே, தகடு உக்கினால் காரே உக்கியதாகப் பொருள். இருபுறமும் கடல் நிற்கும் வீதிகளும், சோளகக் காற்று அள்ளிவரும் உப்பும் தீவகத்துக் கார்களுக்குப் பரம வைரிகள். பெயின்ற்றின் பளபளப்பைப் பார்த்து மயங்கலாகாது. துணி சுற்றிய காந்தத் துண்டைக் கதவின் கீழ்விளிம்பு, பின் வில்தகடுகள் பொருந்தும் இடம் ஆகியவற்றில் வைத்துப் பார்க்க வேண்டும். அது ஒட்டாத இடத்தில் தகடு இல்லை, பூச்சுத்தான் இருக்கிறது.

அடுத்தது முன்சில்லைத் தாங்கும் மரையுள்ள மூட்டு. காலந்தவறாது கிறீஸ் ஏற்றாவிட்டால் மரை தேய்ந்து, ஓடும்போதே சில்லு சாய்ந்துவிடும். பிரேக்கின் பிரதான சிலிண்டர் சாரதியின் காலடித் தளத்தின் கீழ் ஒளிந்திருப்பதால், பலர் அதைப் பார்ப்பதேயில்லை. மின்சாரத்திலும் கவனம் வேண்டும். இக்கார்களில் பற்றரியின் நேர்முனையே உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். இதை அறியாமல் இன்றைய வானொலியைப் பொருத்தினால் அது கருகிவிடும். கதவுத் தூணிலிருந்து கைபோல் நீளும் திசைகாட்டிகள் 1961இல் கைவிடப்பட்டன. இந்தக் காரில் அவை இரண்டும் இருந்தன. இடப்பக்கத்தது மட்டும் எழும்ப மறுத்தது. யுத்த காலத்தில் எஞ்ஜின் மாற்றப்பட்ட கார்கள் பல என்பதால், பதிவுப் புத்தகத்தில் உள்ள எஞ்ஜின், செஸி இலக்கங்களைக் காருடன் ஒப்பிடுவதும் அவசியம்.

காரின் சொந்தக்காரர் எண்பது வயதைக் கடந்தவர். நாங்கள் கேட்பதற்கு முன்பே, "தம்பி, பின் இருக்கையின் கீழ் தகடு போய்விட்டது. பாயைத் தூக்கிப் பாருங்கோ" என்றார். காரை விற்க நிற்பவர் இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

எஞ்ஜின் மூடியைத் திறந்தபோது, கார்புரேற்றருக்குப் போகும் குழாயில் இருவழித் திருகு ஒன்றும், அதற்குமேல் சிறு தகரப்பேணி ஒன்றும் தெரிந்தன. "இந்தக் குப்பையைக் கழற்றி எறிந்தால்தான் ஒரிஜினலாகும்" என்றார் மெக்கானிக்.

எனக்குக் கை ஓடவில்லை. 1990இல் யுத்தம் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் தடைசெய்யப்பட்டது. பேணியில் இருக்கும் சொட்டுப் பெற்றோலில் எஞ்ஜினைக் கிளப்பிச் சூடேற்றியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். நிறுத்துமுன் மீண்டும் பெற்றோலுக்குத் திருப்பாவிட்டால், அடுத்த முறை அது கிளம்பாது. எரியாத மண்ணெண்ணெய் ஒயிலில் கலந்து எஞ்ஜினைத் தின்றது. ஆயினும் ஊர் நகர்ந்தது. ஐயா தீவிலிருந்து இடம்பெயர்ந்து, வலிகாமத்தில் இக்காரை வாடகைக்கு ஓட்டியே பிள்ளைகளைப் படிப்பித்தாராம். 1995 ஒக்ரோபர் 30 இரவு, சனத்தின் நடுவே ஊர்ந்து என் தாயாரைச் சாவகச்சேரிவரை ஏற்றிச் சென்றதும் இப்படிப் புகை கக்கிய கார் ஒன்றே. நான் பின்னால் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தேன்.

மருமகனுக்கு அன்றிரவே எல்லாவற்றையும் சொன்னேன். தகட்டு வேலைக்கு ஆகும் செலவை விலையில் கழிக்கலாம் என்றும், எஞ்ஜினைப் பிரித்து உள்ளே பார்க்காமல் நம்ப வேண்டாம் என்றும் கூறினேன். "அந்தத் தகரப்பேணி?" என்றான். 1995இல் அவனுக்கு மூன்று வயது. அதே காரில், அவன் தன் அம்மம்மாவின் மடியில் இருந்தான். அதையும் சொன்னேன். சற்று நேரம் சத்தமில்லை. பிறகு, "அது அப்படியே இருக்கட்டும், மாமா" என்றான்.

பழைய கார் வாங்கும் நண்பர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். தொழிற்சாலை கொடுத்தது எது, காலம் கொடுத்தது எது என்று பிரித்தறியுங்கள். பிரேக்கில் விட்டுக்கொடுக்காதீர்கள். கறளை ஈவிரக்கமின்றி வெட்டி எறியுங்கள். ஆனால் ஒவ்வொரு ஒட்டுவேலையையும் கழற்றுமுன், அதைப் பொருத்தியவரிடம் ஏன் என்று ஒருமுறை கேளுங்கள்.