நாசரேத்து ஆலயத்தின் கற்கள்

யோர்தானைக் கடந்த இஸ்ரவேலர் ஆற்றின் நடுவிலிருந்து பன்னிரண்டு கற்களை எடுத்துக் கில்காலில் நாட்டிய வரலாற்றை யோசுவா 4ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். பின்வரும் பிள்ளைகள் அக்கற்களைக் கண்டு கேள்வி கேட்க வேண்டும், பெற்றோர் விடை கூற வேண்டும் என்பதே அதன் நோக்கம். கல் தானாகப் பேசுவதில்லை. அதன் பொருளை அறிந்து சொல்ல ஒருவர் வேண்டும். இந்த உண்மையைக் கண்ணாரக் காண விரும்புகிறவர்கள் கொல்கத்தாவிலுள்ள ஆர்மீனியரின் நாசரேத்து ஆலயத்துக்குச் சென்று வரலாம்.

கடைவீதியின் நடுவே

ஹவுரா இரயில் நிலையத்தில் இறங்கி, ஹூக்ளி நதியின்மேல் அமைந்த பாலத்தைக் கடந்தால் படாபஜார் என்னும் பெரிய வணிகப் பகுதி. மூட்டை சுமப்போரும் கைவண்டிகளும் நிறைந்த தெருக்களுக்குள் ஆர்மீனியன் தெருவும் ஒன்று. அந்தச் சந்தடியிலிருந்து வாயிலைத் தாண்டி உள்ளே அடியெடுத்து வைத்தால் ஓர் அமைதி நம்மைச் சூழ்ந்துகொள்ளும். வெண்ணிறச் சுவர்கள், கடிகாரம் பொருத்திய கோபுரம், சுற்றிலும் கற்கள் பதித்த முற்றம். நாம் நடப்பது வெறும் தளவரிசையின்மேல் அல்ல. கல்லறைக் கற்களின்மேல் என்பது குனிந்து பார்த்த பின்னரே விளங்கும். ஆர்மீனியரின் பழைய இடுகாட்டின்மேல் 1724இல் எழுப்பப்பட்ட ஆலயம் இது. கோபுரம் 1734இல் சேர்க்கப்பட்டது. நகரில் இன்று நிற்கும் கிறிஸ்தவ ஆலயங்களுள் மிகப் பழமையானது இதுவே என்பர்.

நாசரேத்து என்றதும் தென்தமிழகத்தாருக்கு நம் ஊர் நினைவுக்கு வரும். இவ்வாலயமோ, இதைக் கட்டக் காரணமாயிருந்த ஆகா நாசர் என்ற ஆர்மீனியரின் நினைவாக அப்பெயர் பெற்றது என்று கூறுவர்.

முற்றத்துக் கற்களுள் ஒன்று ரேசாபீபே என்னும் பெண்மணியுடையது. சூக்கியாஸ் என்ற தருமவானின் மனைவி அவர் என்று அதில் பொறிக்கப்பட்டிருக்கிறது. அவர் மரித்த நாள் 1630 ஜூலை 11 என வாசிக்கப்பட்டுள்ளது. அந்த வாசிப்பைச் சில அறிஞர்கள் ஐயுறுகின்றனர். அது சரியானால், ஆங்கிலேயரான ஜாப் சார்னாக் 1690இல் இங்கு வந்து இறங்குவதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே ஒரு கிறிஸ்தவக் குடும்பம் இந்த நதிக்கரையில் தன் தாயை அடக்கம்பண்ணியிருக்கிறது.

அரராத் நாட்டிலிருந்து

நோவாவின் பேழை தங்கிய அரராத் மலைகளைத் தங்கள் தாயகத்தின் அடையாளமாகப் போற்றுகிறவர்கள் ஆர்மீனியர்கள். கி.பி. 301இல் அந்நாட்டரசன் கிறிஸ்தவ மார்க்கத்தை ஏற்றான் என்பது அவர்களுடைய மரபு. 405ஆம் ஆண்டளவில் மெஸ்ரோப் மாஷ்தோத்ஸ் என்ற ஊழியர் அவர்களுடைய மொழிக்கு எழுத்துகளை வகுத்தார். வேதாகமத்தை மொழிபெயர்ப்பதே அம்முயற்சியின் முதன்மையான நோக்கம்.

1604இல் பாரசீக மன்னர் ஷா அப்பாஸ், அராஸ் நதிக்கரையிலிருந்த ஜுல்பா நகரத்தாரைக் குடிபெயர்த்து, இஸ்பஹான் அருகே குடியேற்றினார். அது புதிய ஜுல்பா எனப்பட்டது. அங்கிருந்து வணிகத்தின் பொருட்டுப் புறப்பட்டவர்கள் ஆக்ரா, சூரத், சென்னை, வங்காளம் எனப் பரவினர். போன இடமெல்லாம் ஆலயம் கட்டினர். கொல்கத்தாவுக்கு வடக்கே சின்சுராவில் 1695இலும், முர்ஷிதாபாத் அருகே சைதாபாத்தில் 1758இலும், டாக்காவில் 1781இலும் அவ்வாலயங்கள் எழுந்தன. கொல்கத்தாவில் 1821இல் தங்கள் பிள்ளைகளுக்கென ஆர்மீனியன் கல்லூரியையும் நிறுவினர்.

அச்சமுதாயம் பின்னாளில் சுருங்கிவிட்டது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பல குடும்பங்கள் ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் புறப்பட்டுப்போயின. இன்று அவர்களுடைய பேரப்பிள்ளைகள் ஒரு பெயரையோ ஒரு பழைய நிழற்படத்தையோ கையில் வைத்துக்கொண்டு, தங்கள் முன்னோரைத் தேடுகின்றனர்.

பெயருக்குள் மறைந்த பெயர்கள்

தேடுகிறவருக்கு முதல் தடை பெயரே. ஆர்மீனியருக்கு "யான்" என முடியும் குடும்பப் பெயர் உண்டு. இந்தியாவில் பலர் அதை விட்டுவிட்டு, தகப்பனின் பெயரையே தங்கள் பெயருக்குப் பின் வைத்துக்கொண்டனர். ஆகவே பாட்டன், தகப்பன், மகன் மூவருக்கும் மூன்று வேறு குடும்பப் பெயர்கள் அமைந்ததுண்டு. இதோடு ஆங்கில எழுத்தர்கள் செய்த மாற்றமும் சேர்ந்தது. ஹோவானெஸ் ஜான் ஆனார்; ஹாகோப் ஜேக்கப் ஆனார்; போகோஸ் பால் ஆனார்; ஹாருத்யுன் என்பது அரதூன் ஆயிற்று.

1846இல் கொல்கத்தாவில் பிறந்த சர் காட்சிக் பால் சேட்டரின் பெயர் இதற்கு நல்ல சான்று. இளவயதிலேயே பெற்றோரை இழந்து, இந்நகரின் லா மார்ட்டினியர் பள்ளியில் பயின்ற அவர், 1864இல் ஹாங்காங் சென்று பெருஞ்செல்வராகி, 1926இல் மரித்தார். தாம் பயின்ற பள்ளியையும் தம் சமுதாயத்தையும் அவர் தம் செல்வத்தால் தாங்கினார். சிலுவையைக் குறிக்கும் காச்சிக் என்பதே காட்சிக். போகோஸ் என்பதே பால். "தேவன் தந்தவர்" என்று பொருள்படும் அஸ்த்வாத்சாதூர் என்னும் நீண்ட பெயரே சேட்டர் எனக் குறுகிற்று. சேட்டர் என்ற பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு ஆர்மீனிய மொழிப் பதிவேட்டைப் புரட்டுகிறவர் எத்தனை பக்கம் புரட்டினாலும் அவரைக் காணமாட்டார்.

இரண்டாவது தடை ஆண்டுக் கணக்கு. நம் பழைய ஏடுகளில் க, உ முதலிய குறிகள் எண்களாக நின்றதுபோல, ஆர்மீனியரும் எழுத்துகளையே எண்களாக எழுதினர். அவர்களுடைய பழைய ஆண்டுக் கணக்கு கி.பி. 552இல் தொடங்குகிறது, கல்லில் உள்ள எண்ணோடு 551ஐக் கூட்ட வேண்டும். ஜுல்பா வணிகரோ 1616இல் தொடங்கும் வேறொரு கணக்கையும் வைத்திருந்தனர். அதற்கு 1615ஐக் கூட்ட வேண்டும். ரேசாபீபேயின் கல்லில் இருப்பது 15ஆம் ஆண்டு. இந்தக் கணக்கை அறிந்தவரே அதை 1630 என்று வாசிக்க முடியும்.

பொறுமையான உழைப்பு

அக்கல்லை வாசித்து உலகுக்கு அறிவித்தவர் மெஸ்ரோப் ஜேக்கப் சேத். 1871இல் புதிய ஜுல்பாவில் பிறந்து, கொல்கத்தாவின் ஆர்மீனியன் கல்லூரியில் பயின்றவர். இந்திய நகரங்களின் இடுகாடுகளில் அவர் கல்வெட்டுகளைப் படியெடுத்தார். 1895இல் ஒரு நூலையும், பல்லாண்டு உழைப்புக்குப் பின் 1937இல் அதனினும் பெரியதொரு நூலையும் வெளியிட்டார். இந்திய ஆர்மீனியக் குடும்பங்களைத் தேடுகிறவர்கள் இன்றும் முதலில் நாடுவது அந்நூலையே.

கல்லுக்கு அடுத்த சான்று ஏடு. ஆலயங்களின் ஞானஸ்நான, விவாக, அடக்கப் பதிவேடுகள் உள்ளன. ஆங்கிலத் திருச்சபையில் நடந்த சடங்குகளின் படிகள் மூன்று மாகாணங்களிலிருந்தும் லண்டனுக்கு அனுப்பப்பட்டு, இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. மரண சாசனங்கள் பிள்ளைகள், மருமக்கள், வேலையாட்கள் வரை பெயர் சொல்லும். தெருவாரியாகக் குடியிருப்போரைப் பட்டியலிட்ட பழைய கொல்கத்தா முகவரி நூல்களும் உதவும். ஒன்றில் கிடைத்ததை மற்றொன்றோடு ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே அதை உண்மையென்று கொள்வது இத்தேடலின் ஒழுங்கு.

ஒரே குடும்பத்தின் வரலாறு பல நாடுகளில் சிதறிக் கிடப்பதும் உண்டு. ஷஹாமீரியான் குடும்பம் அவ்வாறானது. ஜுல்பாவிலிருந்து வந்து சென்னையில் வணிகம் செய்த ஷஹாமீர் ஷஹாமீரியான், அங்கே ஆர்மீனிய அச்சகம் ஒன்றை நிறுவினார். 1772 முதல் அதில் நூல்கள் வெளிவந்தன. விடுதலை பெற்ற ஆர்மீனியாவுக்கான அரசியல் சட்ட முன்வரைவும் அவற்றுள் ஒன்று. அவருடைய மகன் ஹாகோபின் கல்லறையோ மலாக்காவின் கிறிஸ்து ஆலயத்தில் இருக்கிறது. 1774 ஜூலை 7இல் தம் 29ஆம் வயதில் மரித்த அவர் பெயர் அங்கே ஜேக்கப் ஷமீர் என்று காணப்படுகிறது. பிறப்பு ஜுல்பா பக்கம், வாழ்வு சென்னையில், கல்லறை மலாக்காவில். மூன்றையும் இணைத்துப் பார்க்கிறவருக்கே அது ஒரு குடும்பமாகத் தெரியும்.

கல்லும் அழியும்

கல்லில் எழுதியது என்றும் நிலைக்கும் என்று எண்ணுவோம். அராஸ் நதிக்கரையில் பழைய ஜுல்பாவின் இடுகாடு இருந்தது. அழகிய வேலைப்பாடுள்ள கற்சிலுவைகள் ஆயிரக்கணக்கில் நின்ற இடம் அது. அஜர்பைஜானின் ஆட்சிக்குட்பட்ட நக்கிச்செவான் பகுதியில் இருந்த அந்த இடுகாடு 1998 முதல் சிறிது சிறிதாகத் தகர்க்கப்பட்டு, 2005 டிசம்பரில் எஞ்சியவையும் நொறுக்கப்பட்டன. 1915இல் தொடங்கிய இனப்படுகொலையில் ஒட்டோமான் ஆட்சிப் பகுதியின் எத்தனையோ ஆர்மீனியக் குடும்பங்கள் பெயர் சொல்ல ஆளின்றி அழிந்தன. அவர்களுக்கான நினைவுச் சின்னம் நாசரேத்து ஆலய வளாகத்திலும் நிற்கிறது. தாயகத்துக் கற்கள் பொடியான பின், புலம்பெயர்ந்தோர் தூரதேசத்தில் பொறித்து வைத்த கற்களின் மதிப்பு இன்னும் மிகுதியாகிறது.

நமக்கொரு கேள்வி

பிரியமானவர்களே, வம்ச வரலாறுகளில் மூழ்கி வீண் தர்க்கங்களுக்கு இடங்கொடாதபடி 1 தீமோத்தேயு 1:4 நம்மை எச்சரிக்கிறது. குலப் பெருமைக்காக முன்னோரைத் தேடுவது நமக்குத் தகாது. ஆயினும், சிறையிருப்பிலிருந்து திரும்பிய சிலர் தங்கள் வம்ச அட்டவணையைத் தேடிக் காணாமல் ஆசாரிய ஊழியத்துக்கு விலக்கப்பட்டதை எஸ்றா 2:62 சொல்கிறது. தீமோத்தேயுவின் விசுவாசத்தைப் பேசும்போது பவுல் அவன் பாட்டி லோவிசாளையும் தாய் ஐனிக்கேயாளையும் பெயர் சொல்லி நினைவுகூருகிறார். ஆண்டவர் செய்த நன்மையை அடுத்த தலைமுறைக்கு மறைக்கலாகாது என்பது 78ஆம் சங்கீதத்தின் கருத்து.

மும்பையிலும் டில்லியிலும் பெங்களூரிலும் வாழும் நம் குடும்பங்களின் நிலை என்ன? நமக்கும் தகப்பனின் பெயர் ஒற்றை எழுத்தாகவே முன் நிற்கிறது. பள்ளிப் படிவத்தில் குடும்பப் பெயர் கேட்டால் ஒருவர் தகப்பன் பெயரை எழுதுகிறார். உடன்பிறந்தவர் ஊர்ப் பெயரை எழுதுகிறார். இரட்சிக்கப்பட்டபோது பெயர் மாற்றிக்கொண்டவர்களின் பழைய பெயர் பிள்ளைகளுக்குத் தெரியாது. குழந்தை ஞானஸ்நானம் நம்மிடம் இல்லாததால் பிறப்பைக் குறிக்கும் சபைப் பதிவேடும் பல இடங்களில் இல்லை. வாடகை மண்டபத்தில் கூடும் சபை இடம் மாறும்போது உள்ள ஏடும் தொலைந்துபோகலாம். முதன்முதலில் கர்த்தரை ஏற்றுக்கொண்ட பாட்டி எந்த ஊரார், யார் மூலம் சுவிசேஷம் கேட்டார், எந்த ஆற்றில் ஞானஸ்நானம் பெற்றார் என்று பேரப்பிள்ளை கேட்டால் விடை கூற நம்மில் எத்தனைபேரால் முடியும்?

ஆர்மீனியரிடம் ஓர் அழகிய வழக்கம் இருந்தது. வேதப்பிரதியைக் கையால் எழுதியவர்கள், எழுதி முடித்த பின் தம் பெயரையும், பெற்றோர் பெயரையும், எழுதச் செய்தவரின் குடும்பத்தாரையும், அக்காலத்து இன்னல்களையும் ஏட்டில் குறித்து, வாசிப்பவர்கள் தங்களை நினைக்கும்படி வேண்டிக்கொண்டனர். "நினைவுக் குறிப்பு" என்றே அதற்குப் பெயர். அந்நாட்டு வரலாற்றாசிரியர்களுக்கு அவை இன்று அரிய சான்றுகள்.

நம் வீட்டு வேதாகமத்தின் முதல் வெற்றுத்தாள் அதற்குப் போதும். பாட்டன் பாட்டியின் முழுப்பெயர், பழைய பெயர், பிறந்த ஊர், இரட்சிப்பின் ஆண்டு, ஞானஸ்நானம் கொடுத்த ஊழியர், ஊரைவிட்டுப் புறப்பட்ட காரணம் ஆகியவற்றை எழுதுங்கள். பெயர்களைச் சுருக்காமல் எழுதுங்கள். பழைய படங்களின் பின்புறம் பென்சிலால் பெயரைக் குறியுங்கள். விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது கல்லறைகளைக் காலை அல்லது மாலைச் சாய்வெயிலில் படம் எடுங்கள். தேய்ந்த எழுத்தும் அப்போது தெரியும். கம்பித் தூரிகையாலும் அமிலத்தாலும் கல்லைத் தேய்க்க வேண்டாம். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டில் முதியவர் இருந்தால் இந்த மாதமே அவர் அருகில் அமர்ந்து கேளுங்கள். பதிவேட்டைப் பின்னரும் தேடலாம். அவருடைய நினைவைத் தேட வேறிடம் இல்லை.

ரேசாபீபே யார், எங்கிருந்து வந்தார், பிள்ளைகள் உண்டா என்பதை அக்கல் கூறவில்லை. அவர் பெயரும், கணவர் பெயரும், அவர் தருமவான் என்ற ஒரு சொல்லுமே அதில் உள்ளன. அந்தச் சில சொற்களை எவரோ செலவு செய்து பொறித்து வைத்தபடியால், தூரதேசத்தில் மரித்த ஒரு தாயின் பெயரை நாம் இன்று அறிகிறோம். நம் பிள்ளைகளும் தங்கள் விசுவாசத் தாய்மாரின் பெயரை அறிந்திருக்கக் கர்த்தர் தாமே நமக்குக் கிருபை செய்வாராக. ஆமென்.