பாலாற்றங்கரையின் உப்பு

சென்னையிலிருந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் மேற்கு நோக்கிச் செல்வோர் இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்களை அடுத்தடுத்துக் காண்பர். ஆண்டின் பெரும்பகுதி வெறும் மணலாய்க் கிடக்கும் பாலாற்றை ஒட்டி வளர்ந்தவை இவை. தோல் வணிகத்தால் செழித்த நம்மவர் பலர் வாழும் ஊர்கள். வாணியம்பாடியில் 1919-இல் தொடங்கிய இஸ்லாமியாக் கல்லூரிக்குத் துணை நின்றவர்களும் தோல் வணிகர்களே. இத்தொழிலின் குறையைப் பேசுமுன் இதையும் சொல்லிவிடுவதே நியாயம்.

முன்னாளில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு வாரக்கணக்கில் தோல் பதனிட்டனர். பின்னர் வந்த குரோமிய உப்பு அவ்வேலையை ஓரிரு நாளில் முடித்தது. ஆனால் இடுகின்ற குரோமியத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கையே தோல் ஏற்கும். எஞ்சியது கழிவுநீரோடு போகும். டேனரிகளில் பயன்படும் வகை அத்துணைக் கொடியதன்று. புற்றுநோய் விளைவிக்கும் மற்றொரு வகை இருக்கிறது. குரோமிய இரசாயனங்கள் செய்துவந்த இராணிப்பேட்டை ஆலையொன்று 1995-இல் மூடப்பட்டபோது, அக்கொடிய வகை கலந்த கழிவை இலட்சம் டன்னுக்கு மேல் மலைபோல் விட்டுச்சென்றது.

குரோமியத்துக்காவது வழி உண்டு. கழிவுநீரில் மக்னீசியம் ஆக்சைடு இட்டால் அது அடியில் படியும். கந்தக அமிலத்தில் கரைத்து மீண்டும் தோலுக்கே பயன்படுத்தலாம்.

சாதாரண உப்புக்குத்தான் போக்கிடமில்லை! உரித்த தோல் அழுகாதிருக்க அதன் எடையில் 30 முதல் 40 விழுக்காடு வரை உப்புத் தூவுவர். ஹஜ்ஜுப் பெருநாளில் நாம் மதரஸாவுக்கு அளிக்கும் குர்பானித் தோலுக்கும் இதே கதைதான். டேனரியில் முதல் ஊறலிலேயே அவ்வுப்பு கழிவுநீரில் இறங்கிவிடும். அது மக்காது, சிதையாது. மண்ணில் இறங்கிக் கிணற்றை அடையும்.

இப்பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்குத் தகுதியற்றுப் போனதென்ற ஆய்வை, உச்சநீதிமன்றம் 1996-ஆம் ஆண்டுத் தீர்ப்பில் எடுத்துக்காட்டியது. மாசுபடுத்தியவரே ஈடு செய்யவேண்டும் என்றும் கூறியது. 29 ஆண்டுகள் கழித்து, 2025 ஜனவரியில், அதே பாலாற்றுக்காக அதே நீதிமன்றம் மீண்டும் ஆணையிட நேர்ந்தது.

இடையில் எதுவும் நடக்கவில்லை என்பதற்கில்லை. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் எழுந்தன. சவ்வுகளின் வழியே அழுத்தி நல்ல நீரைப் பிரித்தெடுக்கும் கருவிகளும் வந்தன. எஞ்சும் உவர்நீரைக் காய்ச்சினால் கிடைப்பது மீண்டும் உப்பே. பல பொருள்கள் கலந்திருப்பதால் அதை வாங்குவார் அரிது. ஊறவைக்குமுன் தோலை நன்கு உதறினால் ஒரு பங்கு உப்பேனும் நீரில் சேராது. செலவு குறைந்த வழி இதுதான். காய்ச்சி எடுத்ததையோ மழை படாத கொட்டகைகளில் மூட்டை மூட்டையாக அடுக்கிக் காக்கவேண்டியிருக்கிறது.