விரல் இழந்தவனின் இசை

இரைச்சல் எது, இசை எது என்று தீர்ப்பளிக்கும் உரிமை யாருக்குரியது? சாஸ்திரீய இசையில் ஊறிய செவியுடையோர் 'ஹெவி மெற்றல்' இசையைக் கூச்சலென்றனர். நாமோ ஒருபடி மேலே சென்று, அதனை மேனாட்டு முதலாளித்துவத்தின் சீரழிவுக் கலையென ஒதுக்கினோம். 2025 ஜூலை 5ஆந் திகதி பேர்மிங்ஹாம் நகரில் நடைபெற்ற ஒரு பிரியாவிடை, அம்முடிவை மீளாய்வு செய்யுமாறு எம்மை நிர்ப்பந்திக்கின்றது.

அன்று 'பிளக் சபத்' குழுவின் முதல் நால்வரும், ஏறத்தாழ இருபது ஆண்டுகளின் பின், ஒருங்கே மேடையேறினர். நிகழ்ச்சி நடந்த வில்லா பார்க் உதைபந்தாட்ட அரங்கு, அவர்கள் வளர்ந்த அஸ்ரன் என்னும் தொழிலாளர் பகுதியிலேயே உள்ளது. பார்க்கின்சன் நோயினால் நிற்க இயலாத ஒஸி ஒஸ்போர்ன் ஆசனத்தில் அமர்ந்தே பாடினார். பதினேழு நாட்களில், ஜூலை 22ஆந் திகதி, அவர் காலமானார்.

பாடகராகுமுன் அவர் இறைச்சித் தொழுவத்தில் வேலைசெய்தவர். கித்தார்க் கலைஞர் ரொனி ஐயோமி, தகட்டுத் தொழிற்சாலையொன்றின் கூலியாள். பதினேழாவது வயதில், வேலையைவிட்டு விலகவிருந்த கடைசி நாளன்று, இயந்திரம் அவரது வலக்கையின் இரு விரல் நுனிகளைத் துண்டித்தது. இடக்கைப் பழக்கமுடைய அவருக்குத் தந்திகளை அழுத்தும் விரல்கள் அவையே. பிளாஸ்ரிக் போத்தலை உருக்கி விரலுறை செய்தார். அதன்மேல் தோலைப் பொருத்தினார். மெல்லிய தந்திகளைப் பூட்டினார். பின்னர் அவற்றைத் தளர்த்திச் சுருதியையும் தாழ்த்தினார். 1970இல் வெளிவந்த முதல் இசைத்தட்டிலிருந்து உலகம் கேட்ட அந்தக் கனத்த நாதத்தில் ஒரு தொழிலாளியின் ஊனமும் கலந்திருக்கின்றது. அதே ஆண்டில், வியட்நாம் எரிந்துகொண்டிருந்தபோது, ஏழைகளைப் போருக்கு அனுப்பித் தாம் ஒளிந்துகொள்ளும் ஆட்சியாளரைச் சாடியும் இவர்கள் பாடினர்.

எனினும் ஓர் எச்சரிக்கை அவசியம். விபத்தே கலைஞனை உருவாக்கியது என மெய்சிலிர்ப்பது எளிது. ஆனால், இயந்திரங்களுக்கு விரல்களைப் பறிகொடுத்த எத்தனையோ பேருக்குக் கித்தாரும் கிட்டவில்லை, மேடையும் கிட்டவில்லை. ஒருவனது வெற்றியைக் காட்டி மற்றையோரின் இழப்பை மறைப்பதற்கு நாம் துணைபோகலாகாது. இவ்விசையைப் பின்னர் பெரும் வணிகம் விழுங்கியதென்பதும் உண்மையே. ஆயினும் அந்த இறுதி நிகழ்ச்சியின் வருவாய் பார்க்கின்சன் நோய் ஆய்வுக்கும், பேர்மிங்ஹாம் சிறுவர் மருத்துவமனைக்கும், நோயுற்ற சிறார் பராமரிப்புக்கும் உரித்தாக்கப்பட்டது.

எம் வகுப்பறைகளில் மாணவன் ஒருவன் இத்தகைய பாடலை முணுமுணுப்பானாயின், இனி "நிறுத்து" என்போமா? அந்த ஓசை எந்தப் பட்டறையிலிருந்து எழுந்தது என்று அவனோடு சேர்ந்து தேடுவதே நமது கடன்.